இரண்டு முழ வெள்ளை

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் கழுத்து வலி தேவலையா? நாள் முழுக்கக் குனிந்து வரைந்தால் அது என்னதான் செய்யும், பாவம். மலையில் போன் மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை செத்துப்போகிறது. அதனால் நமக்குக் கடிதம்தான் கதி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுற்றுலா ரயிலுக்குக் கூட்டம் தாங்கவில்லை. பழைய பெட்டி மூன்றில் இரண்டுதான் ஓடுகிறது. ஆகவே பழைய மாதிரியிலேயே புதுப் பெட்டி நான்கு வாங்குவது என்று மேனேஜர் முடிவு செய்து, வேலையை உங்கள் பேக்டரிக்குக் கொடுத்திருக்கிறார். உனக்குத் தெரியாமலா இருக்கும்? வாயே திறக்கவில்லையே, கள்ளி!

ஷெட்டில் இருபது வருடமாகக் கிடக்கும் மூன்றாம் நம்பரைச் சரிசெய்யலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "அது ஒண்ணைச் சரி பண்ற காசுல புதுசு மூணு வந்துடும்மா. பார்க்கப் பழசா இருந்தா போதும். வர்றவங்க என்ன, பிரிச்சா பார்க்கப் போறாங்க?" என்றார். நான் பிரித்துப் பார்த்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.

நிபந்தனைப் பட்டியல் எழுதியது நான்தான். மொத்தம் முப்பத்தொன்று. ஒன்பதாவதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன்: எந்த மூட்டும் அசையக் கூடாது, சத்தம் வரக் கூடாது. பயணிகள் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்கு இரண்டு புகார், பெட்டி கத்துகிறது, பெட்டி முனகுகிறது என்று. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொன்றின் கீழேயும் 'சரிசெய்யப்படும்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பசை டப்பாவோடு போகிறேன். பட்டறை ஆட்கள் எனக்குப் பசையம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாதாம்! எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டாம் நம்பரை மூட்டு மூட்டாகக் கழற்றி, பசை ஊற்றி, முழுசாக வாயடைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி ஓடலாம் என்று கையெழுத்துப் போடுவது பட்டறை போர்மேனாகிய நான். நாத்தனார் கட்டியது என்பதற்காக ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அளவெடுக்க வரும்போது ஸ்வெட்டர் மறக்காதே.

அண்ணி

ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கழுத்து பரவாயில்லை. உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நம்பருக்குள் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவளுக்கு இங்கே எதைப் பார்த்தாலும் அட்டைப்பெட்டியாகத் தெரிகிறது. அண்ணி, யார் இவர்கள்? கூரைக்கு இருபத்தாறு வளைமரம், ஒவ்வொன்றும் ஒற்றை மரம், ஒட்டுப்போடாதது. எப்படி வளைத்தார்கள்? ஜன்னல் கட்டையில் எத்தனையோ ஆயிரம் பேர் முழங்கை வைத்த இடம் குழிந்து கிடக்கிறது. நானும் அதில் முழங்கையை வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அளவெடுக்க வந்தவள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அங்கேதான் ஒரு வழி பிடிபட்டது. எல்லாவற்றையும் மரத்தில் செய்தால் உங்கள் மேனேஜர் மயங்கி விழுவார். எல்லாவற்றையும் தகட்டில் செய்தால் நீங்கள் என்னை வீட்டுக்குள் விடமாட்டீர்கள். ஆகவே கை எட்டும் உயரம் வரை அசல் மரம். அதற்கு மேலே மர வண்ணம் பூசிய தகடு. கையை ஏமாற்ற முடியாது. கண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

ஒரு சந்தேகம். தூண்கள் அடிச்சட்டத்தில் இறங்கும் மூட்டுகளில் இடைவெளி இருக்கிறது. பெட்டியின் இரண்டு கோடியிலும் ஒரு நாணயம் தாராளமாகப் போகிறது, நடுத்தூண்களில் காகிதம்கூட நுழையவில்லை. கோடியில் வெயிலும் மழையும் அதிகம் பட்டு மரம் சுருங்கியிருக்கும் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். அந்த இடைவெளிக்குள் கறுப்பாகத் தோல் துண்டுகள் வேறு கிடந்தன. அவை எதற்கு?

அண்ணனிடம், ரயில் கார்டு என்றால் விசிலை வீட்டிலும் ஊத வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் பொடிசு

பிப்ரவரி 15

அன்புள்ள பொடிசுக்கு,

தைலம் கிடைத்தது. தடவினேன், முழங்கால் வலி போகவில்லை, ஆனால் உன் அண்ணன் இரண்டு நாளாக என் பக்கத்தில் வரவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

கை எட்டும் உயரம் என்ற யோசனையைப் படித்துவிட்டு முதலில் கோபப்பட்டேன். பிறகு இரண்டாம் நம்பரில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவினேன். நீ சொல்வது சரிதான், பாதகத்தி. மேனேஜரும் தலையாட்டிவிட்டார்.

தோலைப் பற்றிக் கேட்டாய். குப்பை அது. எந்தக் காலத்திலோ சோம்பேறி ஒருத்தன் இடைவெளியை அடைக்கத் திணித்தது. இரண்டாம் நம்பரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். அதை வரைபடத்தில் ஏற்றி என் மானத்தை வாங்காதே. மூட்டுக்கு நல்ல பசை ஊற்று, உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கு. ஒன்பதாவது நிபந்தனை ஞாபகம் இருக்கட்டும்.

சளி பிடித்திருப்பதாக உன் அண்ணனிடம் போனில் சொன்னாயாமே. வெந்நீர் குடி.

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதல் பெட்டி முடிந்துவிட்டது. அடுத்த வாரம் லாரியில் வருகிறது. சொன்னபடியே பசை, சொன்னபடியே தகடு. நேற்று நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார்கள். ஒரு கீச்சுச் சத்தம் வரட்டும் பார்ப்போம் என்று நான் உள்ளே நின்றேன். ஊசி விழுந்தால் கேட்கும், அண்ணி. பேக்டரியில் அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் ஜன்னல் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றேன். இந்தக் கையால் வரைந்ததா இது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டி உங்கள் கையெழுத்தோடு ஓடினால் மீதி மூன்றும் எங்களுக்கு வரும், வரைபடப் பிரிவு என் பொறுப்புக்கு வரும். ஓடவில்லையென்றால் பழைய மேசைக்கே திரும்பிப் போகச் சொல்லிவிட்டார் எங்கள் சீஃப். கழிப்பறைக் கதவு வரையும் மேசை. ஒன்பது வருடம் அதில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு வரைவது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது பெட்டி வரைந்துவிட்டேனே.

உங்கள் பொடிசு

ஏப்ரல் 7

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் பெட்டிக்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

பார்க்க அத்தனை அழகு. மேனேஜர் சுற்றிச் சுற்றி வந்தார். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி, பாதையிலேயே கடுமையான பதினாறாம் வளைவுக்குக் கொண்டுபோனோம். வளைவு முடிகிற இடத்தில் ஒரு தண்டவாளம் உயர்ந்து மற்றது தாழும்; பெட்டி முறுக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். தண்டவாளத்தில் ஈரச் சுண்ணாம்பு பூசுவோம். எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ளி, முதல் சக்கரம் தாண்டியதும், இரண்டாவது சக்கரம் மிதிப்பதற்குள் நிறுத்துவோம். சக்கரம் மிதித்த இடமெல்லாம் வெள்ளை அழிந்திருக்க வேண்டும்.

இரண்டு முழம் அழியவில்லை.

நான் பூசியது பூசியபடியே, தூரிகை கோடுகூடக் கலையாமல் இருந்தது. அவ்வளவு தூரம் அந்தச் சக்கரம் காற்றில் போயிருக்கிறது. உன் அண்ணன் உள்ளே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்து, "ஜம்முனு இருக்கு, ஒரு சத்தம் இல்ல" என்றார். நான் தண்டவாளத்தைக் காட்டினேன். அந்த மனுஷன் அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வருடமாக ரயிலோடு குப்பை கொட்டுகிறேன், பயம் என்றால் என்ன என்று அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் அதே இரண்டு முழம். 'நாத்தனார் பெட்டின்னு வேணும்னே தள்ளிட்டா' என்று அதற்குள் கேண்டீனில் பேச்சு. பேசட்டும். எங்கே தப்பு என்று பார், பொடிசு. எனக்குப் புரியவில்லை.

அண்ணி

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். போன் போட்டு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். நீங்கள் கையெழுத்துப் போடாதது ரொம்பச் சரி. போட்டிருந்தால்தான் நான் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.

சக்கரம், அச்சு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மே முடிவதற்குள் காரணம் சொல்ல வேண்டும் என்று சீஃப் கெடு வைத்திருக்கிறார்.

ஓர் உதவி செய்யுங்கள். பழைய பெட்டிகளையும் அதே வளைவில், அதே சுண்ணாம்பில் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் இரண்டும் வேண்டும். ஒன்று யாரும் கை வைக்காதது, இன்னொன்று நீங்கள் கை வைத்தது. இரண்டின் முடிவும் கிடைத்தால் எனக்கு ஏதாவது துப்பு கிடைக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நலம்.

உங்கள் பொடிசு

மே 4

அன்புள்ள பொடிசுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. முழங்கால். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பட்டறைப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு ஒரு கண் நீலம்.

மூன்றாம் நம்பரை அச்சுக்கு எண்ணெய் விட்டு வெளியே இழுத்தோம். அது போட்ட சத்தத்தை எழுத முடியாது. முனகல், கீச்சல், பெருமூச்சு, எல்லாம். பட்டறை ஆட்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மணல் மூட்டையை ஏற்றிப் பதினாறில் தள்ளினோம். குனிந்து பார்த்தேன். வெள்ளை ஒரு பொட்டுகூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரிப் பளபளவென்று இரும்பு. இருபது வருடம் தூசியில் கிடந்த பெட்டி, பொடிசு! நான் தண்டவாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே.

இரண்டாம் நம்பரை ஓட்டத்திலிருந்து நிறுத்தியிருக்கிறேன். சக்கர விளிம்பு தேய்ந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

மே 10

தங்கச்சிக்கு,

அண்ணன். நலம். நீயும் நலம்தானே. எனக்குக் கடிதம் எழுத வராது, ஆகவே இதைக் கார்டு ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்.

சோதனை நாள். 9.15 மூன்றாம் நம்பர். வெள்ளை இல்லை. உன் அண்ணி சந்தோஷம். 10.40 இரண்டாம் நம்பர். அரை முழம் வெள்ளை. உன் அண்ணி கையால் அளந்தாள். மறுபடி அளந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 10.55 அந்தப் பெட்டிக்குச் சிவப்பு அட்டை மாட்டினாள். மாலை சாப்பிடவில்லை. காரணம் கேட்டதற்கு முழங்கால் என்றாள். முழங்காலுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? உனக்குத் தெரிந்தால் எழுது.

ஒன்று சொல்வேன். மூன்றாம் நம்பர் கத்தினது எனக்குப் பிடித்திருந்தது. உன் பெட்டியில் நின்றபோது என்னமோ காது அடைத்த மாதிரி இருந்தது. தப்பாக நினைக்காதே.

அண்ணன்

மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மழையில் பட்டறைத் தரை வழுக்கும், பார்த்து நடங்கள். நீலக்கண் குட்டிக்குப் பேர் வைத்தாகிவிட்டதா?

மூன்றாம் நம்பரில் நான் எடுத்த அளவுகளை மறுபடி விரித்து வைத்தேன். ஒரே மரம், ஒரே வயது. சுருக்கம் என்றால் தாறுமாறாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே நடுத்தூணில் இடைவெளியே இல்லை. அடுத்ததில் மயிரிழை. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கோடிக்கு வரும்போது ஒரு நாணயம். இரண்டு பக்கமும் அதே படிவரிசை. பதினாறாம் வளைவின் முறுக்கை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தூணும் எவ்வளவு நகர்ந்தால் நான்கு சக்கரமும் தண்டவாளத்தில் நிற்குமோ, அதே அளவு இடைவெளி. தோல், மரம் மரத்தில் இடிக்காமல் இருக்க. கம்ப்யூட்டர் எனக்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு சொன்னதை அந்தக் காலத்துத் தச்சர்கள் உளியால் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணி, நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். யாருக்காக எழுந்தேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெட்டி ஓட்டை விழுந்து முனகவில்லை. முனகும்படி கட்டியிருக்கிறார்கள். நாம்தான் புதுப் பெட்டியை வாயடைத்தோம்; முறுக்கிக்கொள்ள முடியாமல் அது ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டது.

வரைபடத்தில் பிழை என்னுடையது என்று சீஃபுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். 'சுருக்கம்' என்று எழுதியது என் கைதானே. திங்கட்கிழமை முதல் கதவு மேசை. ஜன்னல் ஓரம், காற்று வருகிறது. நீங்கள் மூன்றாம் நம்பரை ஓட்டிப் பார்த்ததே எனக்குப் போதும். வேறெதுவும் தேவையில்லை.

உங்கள் பொடிசு

ஜூன் 3

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். ஏழாவது தடவையும் 'வேறெதுவும் தேவையில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நீ கேட்டது இரண்டு பெட்டி. நான் சொன்னது ஒன்று. மற்றதை நீ கேட்காமல் விட்டுவிட்டாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் நம்பரையும் அன்றே ஓட்டினேன். அரை முழம் வெள்ளை. நான் தோலைப் பிடுங்கி, பசை ஊற்றி, என் வாழ்நாளின் நல்ல வேலை என்று உனக்குப் பெருமையடித்தேனே, அதே பெட்டி. எட்டு வருடம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் போயிருக்கிறது. உன் அண்ணன் தினமும் அதில்தான் போனார். குழந்தைகள் ஜன்னலில் கை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியமில்லை. ஒன்றாம் நம்பரையும் முழுசாகக் கழற்றிப் பசை ஊற்றக் கேட்டு வருடா வருடம் எழுதினேன்; மேனேஜர் காசில்லை என்று மறுத்தார். அந்தக் கஞ்சத்தனத்துக்குக் கோயில் கட்டலாம். நேற்று அதையும் ஓட்டினேன். பொட்டு வெள்ளை இல்லை.

அரை முழத்தை அளந்ததுமே பெட்டியை நிறுத்தினேன், உண்மை. ஆனால் சிவப்பு அட்டையில் காரணம் எழுதும் இடத்தில் சக்கரத் தேய்மானம் என்று எழுதினேன். பொய்யில்லை, முழுசும் இல்லை. உனக்கும் அதையே எழுதினேன். பூனைக்குட்டி பற்றியெல்லாம் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது. நாத்தனாரிடம் தப்பை ஒத்துக்கொள்வதா என்ற வீம்பு. நீ என் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கதவு மேசைக்குப் போய்விட்டாய்.

நேற்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். உங்கள் சீஃபுக்கும் ஒரு பிரதி பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ஒன்பதாவது நிபந்தனை என்னுடையது, தோல் வேண்டாமென்று சொன்னது நான், இரும்புத் தகடு போடச் சொன்னதும் நான், இரண்டாம் நம்பரே சாட்சி என்று. என் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டாலும் ஆட்சேபணை இல்லை என்றும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, "இதை நீங்களே வந்து சொல்றீங்களே, அப்போ கையெழுத்து உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவரைவிட இன்னொருத்தரிடம் போகத்தான் பயந்தேன். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங் மேஸ்திரி. சக்கரம் தேய்ந்தபோதெல்லாம் "உங்க லைன் சரியில்ல" என்று அந்த மனுஷனை எட்டு வருடம் வறுத்தெடுத்திருக்கிறேன். போய்ச் சொன்னேன். கடப்பாரையைக் கீழே வைத்தார். "உங்க பேச்சுக்குப் பயந்து அந்த வளைவைத் தினம் ரெண்டு தடவை அளந்து சரி பண்ணேன்மா. இனிமே ஒரு தடவை போதுமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அளந்த அளவில்தான் அந்தப் பெட்டி இத்தனை நாள் பிழைத்திருக்கிறது, பொடிசு. எனக்கு அது தெரியவே தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

அண்ணி

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபப்படாதீர்கள், எழுதினால் கண் கலங்கி மை கரைகிறது. இப்போது பரவாயில்லை.

சீஃப் உங்கள் கடிதத்தை என் முன்னால் வைத்து, "யாரும்மா இது?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "இப்படி ஒரு கடிதத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்றார். மறுநாள் என் மேசையைத் திரும்ப இழுத்துப் போட்டார்கள்.

பெட்டியைப் பிரித்துவிட்டோம். பசையைச் சுரண்டி எடுக்க ஒரு மாதம். இரும்புத் தகடு அத்தனையும் வெளியே. இப்போது மரமுளை, தோல், படிவரிசை இடைவெளி. தோல், செருப்புத் தைக்கிற கடையில் வெட்டி எறிகிற துண்டு. சும்மா கொடுத்தார்கள், நாங்கள்தான் வெட்கப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தோம். கை எட்டும் உயரத்துக்கு மேலே பூச்சுத் தகடு அப்படியே இருக்கிறது, ஆனால் அதையும் நீள ஓட்டையில் முடுக்கியிருக்கிறோம், நகரட்டும் என்று. கடைசியில் முன்னைவிடச் செலவு குறைந்துவிட்டது. எதற்கு அதிகம் செலவழித்தோமோ அதுதான் தப்பாக இருந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நம்பரின் அரை முழம் எனக்கு மே மாதமே தெரியும். அண்ணன் ரிப்போர்ட் அனுப்பிவிட்டார். நீங்கள் என்னிடம் அதைச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியாது, திட்டாதீர்கள். உங்களைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்றும் நினைத்தேன். சொன்னீர்கள்.

பெட்டி இந்த மாதக் கடைசியில் வருகிறது. இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பொடிசு

அக்டோபர் 19

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணனைத் திட்டத்தான் செய்தேன், ஆனால் அன்று நன்றாகச் சமைத்தும் போட்டேன். அவருக்கு இரண்டுமே ஏன் என்று புரியவில்லை.

சோதனையன்று சுண்ணாம்பு பார்க்கிற வேலையை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன். நான் பெட்டிக்குள் போய், கோடித் தூணுக்குப் பக்கத்தில், இந்த முழங்காலோடு தரையில் படுத்துக்கொண்டேன். கையில் டார்ச்சு. உன் அண்ணன் விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. பதினாறு வந்தது.

முதலில் என் தலைமாட்டுத் தூண் அசைந்தது. ஒரு நாணயக் கனம், அவ்வளவுதான். தோல் நசுங்கி ஒரு முனகல். பிறகு அடுத்த தூண், அதைவிடக் கொஞ்சம் குறைவாக. பிறகு அடுத்தது. நடுவில் வந்து ஒன்றுமே இல்லாமல் நின்றது. அங்கிருந்து மறுபடி அந்தக் கோடி வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாக, எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வளைவு முடிந்ததும் அத்தனை தூணும் ஒவ்வொன்றாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடம் இந்தச் சத்தத்தைக் காதால் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. படுத்தபடியே ஓவென்று அழுதேன். பழைய பெட்டியைக் கட்டியவர்களை நினைத்து அழுதேனா, உன்னை நினைத்தா என்று தெரியவில்லை. வெளியே மேஸ்திரி கத்தினார்: "அம்மா, வெள்ளையே இல்லம்மா!"

இறங்கி வந்து கையெழுத்துப் போட்டேன்.

நீ எழுதாத அந்த மூன்று மாதத்தில் நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் நம்பரில் என் பசையை நானே சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்தது. மூன்றாம் நம்பர் இன்னும் ஷெட்டில்தான், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிறார் மேனேஜர். டீ நேரத்தில் அதில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நீ சொன்ன குழியில் என் முழங்கையும் சரியாக உட்காருகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் பெட்டியில் முதல் முதலாக ஜனங்கள் ஏறினார்கள். சாயங்காலம் பயணிகள் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே ஒருத்தர் எழுதியிருக்கிறார்: 'புதுப் பெட்டி என்கிறீர்கள், அதற்குள் ஏன் இப்படி முனகுகிறது?' கை பழக்கதோஷத்தில் 'சரிசெய்' வரைக்கும் எழுதிவிட்டது. அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: 'அது முனகும் வரை நீங்கள் பத்திரம். சரிசெய்யப்பட மாட்டாது.'

கையெழுத்துக்குக் கீழே பசையம்மா என்றும் போட்டேன். பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி